தாய்மொழியில் தணியும் பதற்றம்: பேராக் தோட்டத் தமிழரிடையே அறிதுயில் சிகிச்சைக்குரிய இடம்

முன்னுரை

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், ஈப்போவிலிருந்து லுமூட்டுக்குச் செல்லும் வழியில் உள்ள சிறுநகரம் ஆயர் தாவார். அதைச் சூழ்ந்திருந்த ரப்பர் காடுகளில் பெரும்பகுதி செம்பனையாக மாறிவிட்டது. தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்த தலைமுறை இன்று தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளில் வாழ்கிறது. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவர்முன் அமரும்போது, தமக்கு மனப்பதற்றம் இருப்பதாகச் சொல்வது அரிது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, வயிற்றைப் பிசைகிறது, கைகால் உதறுகிறது என்றே சொல்வார். இதயத்துடிப்புப் பதிவும் இரத்தப் பரிசோதனையும் குறையில்லை என்று காட்டிய பிறகும் அந்தப் படபடப்பு அவரை விடுவதில்லை.

இத்தகையோருக்கு அறிதுயில் சிகிச்சை, அதாவது பொதுவழக்கில் ஹிப்னாடிசம் என்று அறியப்படும் முறை, எந்த அளவுக்கு உதவும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அறிதுயில் முதன்மையாகச் சொல்லால் நடக்கும் சிகிச்சை. ஆகவே நோயாளியின் அச்சம் எந்த மொழியில் வேரூன்றியதோ அந்த மொழியில், பயிற்சி பெற்ற மனநலப் பணியாளரால், பிற உளவியல் சிகிச்சைகளுக்குத் துணையாகத் தரப்படும்போதுதான் அது முழுப்பயன் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. உடல் கற்றுக்கொண்ட அச்சம்

அச்சம் நோயன்று. விடியற்காலை இருட்டில் பால்வெட்டப் போனவருக்குப் பாம்பின் மீதிருந்த அச்சம் உயிர்காக்கும் கருவி. ஆபத்து அகன்ற பின்னும், அல்லது ஆபத்தே இல்லாதபோதும், உடல் அதே எச்சரிக்கையில் நிலைகொண்டு அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதுதான் அது நோயாகிறது. அமெரிக்க மனநலச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல் 1980ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான் பொதுமைப்பட்ட பதற்றத்தையும் திடீர்ப் பீதி நோயையும் தனித்தனியே வரையறுத்தது. இன்றைய வரையறைப்படி, கட்டுக்கடங்காத கவலை குறைந்தது 6 மாதங்கள் நீடிப்பது முன்னதன் அடையாளம்.

பீதி எவ்வாறு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்பதை உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் விளக்கினார். இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. அதை மாரடைப்பின் தொடக்கம் என்று மனம் பொருள்கொள்கிறது. அந்தப் பொருள்கோளே இதயத்தை மேலும் துடிக்க வைக்கிறது. இந்தச் சுழலுக்குள் சிக்கியவர் சந்தைக்கும் திருமண மண்டபத்துக்கும் போவதைத் தவிர்க்கிறார். தவிர்த்ததால்தான் பிழைத்தோம் என்று உடல் கற்றுக்கொள்கிறது. தவிர்ப்பே அச்சத்துக்கு உரமாகிறது.

மலேசியத் தேசிய உடல்நல ஆய்வு 2011இல் நேர்காணல் முறையில் கண்டறிந்த பொதுமைப்பட்ட பதற்றத்தின் அளவு வயதுவந்தோரில் 1.7 விழுக்காடு. அதே ஆய்வுத் தொடர் 2015இல் பொது உடல்நல வினாநிரல் ஒன்றைக் கொண்டு 16 வயதுக்கு மேற்பட்டோரில் 29.2 விழுக்காட்டினரிடம் மனநலச் சிக்கலின் அறிகுறிகளைக் கண்டது. இவ்விரண்டும் ஒரே பொருளை அளந்தவை அல்ல. ஆயினும் கேட்கும் கேள்வி மாறினால் கிடைக்கும் விடையும் பெரிதும் மாறும் என்பதற்கு இவை சான்று. பதற்றத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் 7 வினா அளவுகோல் கவலை, அமைதியின்மை, எரிச்சல் ஆகியவற்றைக் கேட்கிறது. நெஞ்சுப் படபடப்பையோ மூச்சுமுட்டலையோ கேட்பதில்லை. உடலின் வழியே துன்பத்தைச் சொல்லும் தமிழ் நோயாளி அந்தக் கேள்விகளுக்கு இல்லை என்றே விடையளித்துவிட்டு வீடு திரும்பக்கூடும்.

2. காந்தத்திலிருந்து சொல்லுக்கு

அறிதுயிலின் வரலாறு, அதன் ஆற்றல் எங்கே இருக்கிறது என்பதைத் தேடிய வரலாறு. 18ஆம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், உயிர்களுக்குள் ஓடும் காந்தப் பாய்மம் ஒன்றைத் தாம் கையசைத்துச் சீர்செய்வதாகக் கூறினார். பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியே உள்ளிட்ட அறிஞர் குழு 1784இல் நோயாளிகளின் கண்ணைக் கட்டிச் சோதித்தது. பாய்மம் என்று ஏதும் இல்லை, விளைவுகள் கற்பனையால் நிகழ்கின்றன என்பது குழுவின் முடிவு. அக்குழு கற்பனையைக் காரணமாகக் கண்டதோடு நிறுத்திக்கொண்டது. அந்தக் கற்பனையே மருந்தாகுமா என்று ஆராயவில்லை.

அந்தத் திசையில் அடியெடுத்து வைத்தவர் கோவாவின் கண்டோலிமில் 1756இல் பிறந்த பாதிரியார் அபே ஃபாரியா. 1813இல் பாரிஸில் பொது வகுப்புகளைத் தொடங்கிய அவர், துயில்நிலை துயில்விப்பவரின் சக்தியால் வருவதன்று, துயில்பவரின் மனத்திலிருந்தே எழுகிறது என்று வாதிட்டார். அவருடைய கருவி வாய்ச்சொல். மான்செஸ்டர் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1843இல் இத்துறைக்கு நூலும் பெயரும் தந்தார். 1880களில் நான்சி நகரின் பெர்ன்ஹைம், கருத்தேற்றமே அறிதுயிலின் உட்பொருள் என்று நிறுவ முயன்றார். காந்தம் கைக்கு மாறி, கை சொல்லுக்கு வழிவிட்டது. இக்கட்டுரையின் மொழிசார்ந்த வாதம் இந்த வரலாற்றின் இயல்பான தொடர்ச்சி.

3. சான்றுகள் சொல்வது

அமெரிக்க உளவியல் சங்கத்தின் அறிதுயில் பிரிவு 2014இல் தந்த வரையறைப்படி, அறிதுயில் என்பது கவனம் ஒருமுகப்பட்டு, சுற்றுப்புற உணர்வு குறைந்து, கருத்தேற்றத்துக்கு இணங்கும் திறன் கூடிய ஒரு நனவுநிலை. அது உறக்கமோ பிறர் வசமாதலோ அன்று. பதற்ற நோயாளி ஏற்கெனவே தன் உடலின் ஒவ்வோர் அசைவையும் கூர்ந்து கவனிப்பவர். அதே கவனத்தை மெல்லத் திருப்பி, மூச்சின்மீதும் பாதுகாப்பான காட்சியின்மீதும் நிறுத்தி, அந்த அமைதியில் இருந்தபடியே அஞ்சும் சூழலைக் கற்பனையில் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்வதே சிகிச்சையின் மையம். பிறகு நோயாளி தாமே அதை வீட்டில் செய்யக் கற்றுக்கொள்கிறார்.

வேலன்டைனும் அவருடைய உடனாய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 17 சோதனைகளை ஒன்றுதிரட்டியது. அறிதுயில் பெற்ற சராசரி நோயாளி, சிகிச்சை முடிவில், ஒப்பீட்டுக் குழுவினரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினரைவிடக் கூடுதலாகப் பதற்றம் குறைந்தவராக இருந்தார். தனித்துத் தரப்பட்டதைவிடப் பிற உளவியல் சிகிச்சைகளோடு சேர்த்துத் தரப்பட்டபோதே அறிதுயில் கூடுதல் பயன் தந்தது. கர்ஷும் பிறரும் 1995இல் அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சையோடு அறிதுயிலை இணைத்த ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இணைப்புக்கே மேன்மை கண்டனர்.

இந்த எண்களை அளவோடு கொள்ள வேண்டும். சோதனைகளில் பல சிறியவை; மருத்துவச் செயல்முறை அல்லது தேர்வு போன்ற குறிப்பிட்ட சூழல்களின் பதற்றத்தை ஆராய்ந்தவையும் அவற்றில் உண்டு. நாட்பட்ட பதற்ற நோய்க்குப் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் பரிந்துரைப்பவை அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சை, தளர்வுப் பயிற்சி, மருந்து ஆகியவை. இணங்குதிறனும் ஆளுக்கு ஆள் வேறுபடும். வைட்சன்ஹோஃபரும் ஹில்கார்டும் 1959இல் வகுத்த ஸ்டான்ஃபோர்டு அளவுகோலின் வழிவந்த ஆய்வுகளில் மிக எளிதில் இணங்குவோரும் ஏறக்குறைய இணங்காதோரும் சிறுபான்மையினர். பெரும்பாலோர் இடைநிலையில் இருப்பவர்கள். எனவே அறிதுயிலைத் துணைச்சிகிச்சை என்று கொள்வதே சான்றுகளுக்கு நேர்மையானது.

4. கோயிலின் அருள்நிலையும் கிளினிக்கின் அறிதுயிலும்

பேராக் தோட்டத் தமிழருக்குக் கவனம் ஒருமுகப்படும் நனவுநிலை புதிதன்று. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் அருள் வருவதையும், தீமிதியையும், ஈப்போ குனோங் சேரோ முருகன் கோயிலின் தைப்பூசக் காவடிகளையும் கண்டு வளர்ந்தவர்கள் இவர்கள். சைமன்ஸ், எர்வின், பிரின்ஸ் ஆகியோர் 1988இல் தைப்பூச அருள்நிலையைக் கற்றுப் பழகும் திறனாக ஆராய்ந்தார்கள். விரதம், மேளம், வேல் முழக்கம், சூழ்ந்து நிற்கும் உறவினரின் குரல் ஆகிய எல்லாம் சேர்ந்து அந்த நிலையைத் தாங்குகின்றன.

இதனால் இரண்டும் ஒன்றே என்று சொல்வது தவறு. அருள்நிலையில் பக்தருக்குள் இறங்குவது தெய்வம்; ஊர் அதற்குச் சாட்சி. அறிதுயிலில் நோயாளி தம் உடலின் ஆட்சியைத் தாமே மீட்டெடுக்கிறார். நோக்கமும் பொருளும் வேறு. ஆனால் ஆழ்ந்து ஒன்றும் திறன் இச்சமூகத்துக்கு அயலானது அன்று என்பதை மருத்துவர் அறிந்திருந்தால், வசியம் செய்துவிடுவார்களோ என்று தயங்கும் நோயாளியிடம் பேச வழி பிறக்கும்.

கோயிலில் திருநீறு பூசி மந்திரித்து வருபவரை ஏளனம் செய்யும் மருத்துவமனையில் அவர் மறுமுறை கால்வைக்க மாட்டார். 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்டு, 1971முதல் பஹாகியா மருத்துவமனை என்று வழங்கும் உலு கிந்தா மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரே நெடுங்காலம் பித்துக்குரிய வசைச்சொல்லாக நாட்டில் வழங்கிவந்தது. அந்த அவமான அச்சத்தைத் தாண்டி வருபவரை மதிப்போடு வரவேற்பதும் சிகிச்சையின் பகுதியே.

5. அச்சத்தின் மொழி, ஆறுதலின் மொழி

ஹாரிஸும் உடனாய்வாளர்களும் 2003இல் துருக்கி மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவும் கொண்டவர்களின் தோல் மின்கடத்துதிறனை அளந்தனர். சிறுவயதில் கேட்கும் கண்டிப்புச் சொற்கள் தாய்மொழியில் ஒலித்தபோது உடல் கூடுதலாக அதிர்ந்தது. தாய்மொழிக்குள் உடலை உலுக்கும் ஆற்றல் இருந்தால், உடலைத் தணிக்கும் ஆற்றலும் அங்கே கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. இது நேரடியாகச் சோதிக்கத்தக்க கருதுகோள்.

எந்தத் தமிழ் என்பதும் முக்கியம். "சுவாசத்தை நிதானமாக வெளியேற்றுங்கள்" என்பது நூல்நடை. பெரட்டு எனப்படும் விடியற்காலை வருகைப்பதிவின் சத்தத்தோடு விழித்துப் பழகிய மூதாட்டிக்கு அது வானொலி அறிவிப்பாகத்தான் கேட்கும். "மூச்ச மெதுவா விடுங்கம்மா… கண்ணு தானா மூடினா மூடட்டும்" என்பது அவர் உடலைத் தொடும். இங்கே மரியாதை விகுதியும் விளியும் மருந்தின் பகுதி. அறிதுயில் சிகிச்சையில் புகழ்பெற்ற மனநல மருத்துவர் மில்டன் எரிக்சன் கட்டளையைவிட இசைவு தரும் நடையை வளர்த்தார். தோட்டத்துக் கிராணியும் (எழுத்தர்) மண்டோரும் (மேற்பார்வையாளர்) அதட்டிய காலத்தை நினைவில் சுமப்பவர்களுக்கு அந்த நடை இன்றியமையாதது. தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்வழி படித்த இளைஞருக்கோ மலாயும் தமிழும் கலந்த பேச்சே இயல்மொழி. அவருக்கு அதுவே பொருந்தும்.

காட்சிகளும் அப்படியே. மேல்நாட்டுச் சிகிச்சை உரைகள் கடற்கரையையும் இறங்கு படிக்கட்டையும் அமைதியின் சின்னமாகக் கொள்கின்றன. விடியற்காலை ரப்பர் நிரை ஒருவருக்குத் தன் கைத்திறனின் பெருமையை நினைவூட்டலாம். இன்னொருவருக்கு அட்டைக்கடியையும் கடனையும் நினைவூட்டலாம். கேட்டறியாமல் எந்தக் காட்சியையும் தரக்கூடாது. கொடிய நினைவுகளை இரண்டாம் மொழியில் சொல்வது சிலருக்கு எளிது என்பதும் உண்மை. ஆகவே மொழியைத் தெரிவு செய்யும் உரிமை நோயாளிக்கு உரியது. அந்தத் தெரிவில் தமிழ் இடம்பெறச் செய்வது சுகாதாரத் துறையின் கடமை.

6. எல்லைகளும் பாதுகாப்பும்

தைராய்டு மிகை, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் படபடப்பைத் தரும். முதலில் உடற்பரிசோதனை, பிறகுதான் உளவியல். மனச்சிதைவுக்கு உள்ளானவர்களுக்கு அறிதுயில் பொதுவாகத் தவிர்க்கப்பட வேண்டியது. புதைந்த நினைவுகளைத் தோண்டியெடுக்க அதைப் பயன்படுத்துவது பொய்நினைவுகளை உண்டாக்கக்கூடும் என்பதை 1990களின் விவாதங்கள் கசப்போடு கற்பித்தன.

பேராக்கின் வரலாறே மிகைக்கூற்றுகள் குறித்து ஓர் எச்சரிக்கையைச் சுமக்கிறது. 1930களில் பேராக் அருங்காட்சியகத்தின் இனவரைவியலர் நூனுடன் தெமியார் பழங்குடியினரிடையே பயணித்த கில்டன் ஸ்டுவர்ட், அவர்களுடைய கனவு மருத்துவம் பற்றி 1951இல் எழுதிய கட்டுரை மேல்நாட்டு உளச்சிகிச்சை இயக்கங்களைக் கவர்ந்தது. உளவியலாளர் டோம்ஹாஃப் 1985இல் அதன் அடிப்படைக் கூற்றுகளுக்கு ஆதாரமில்லை எனக் காட்டினார். வியப்பு சான்றை முந்திச் செல்லும்போது நேர்வது இது.

சட்டமும் இங்கே உதவிக்கு வரவில்லை. 2016ஆம் ஆண்டின் மரபு மற்றும் துணைநிலை மருத்துவச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட 7 துறைகளில் அறிதுயில் இல்லை. வாரயிறுதிச் சான்றிதழோடு பெயர்ப்பலகை மாட்டுவோரிடமிருந்து நோயாளியைக் காக்க, மருத்துவ உளவியலாளர், மனநல மருத்துவர், 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற ஆலோசகர் ஆகியோரிடம் மட்டுமே இதை நாடுவது பாதுகாப்பு.

இன்னொரு மறுப்பும் எழும். தோட்டங்கள் மூடப்பட்டதால் வீடும் வேலையும் இழந்தவரின் கவலைக்கு மூச்சுப்பயிற்சி விடையாகுமா? ஆகாது. வீட்டுரிமைக்கு விடை வீட்டுரிமையே. ஆனால் பீதியால் வாசல்படி தாண்ட முடியாதவர் தம் உரிமையைக் கேட்கவும் போக முடியாது. உடலின் பீதியைத் தணிப்பது நீதியின் இடத்தைப் பிடிக்காது. நீதி கேட்கப் போகும் கால்களுக்கு வலுத்தரும்.

முடிவுரை

மூன்று பணிகள் செய்யத்தக்கவை. பேராக் தமிழரின் பேச்சுமொழியில், நோயாளிகளையே உடன்வைத்துக்கொண்டு, தளர்வுக்கும் தன்-அறிதுயிலுக்கும் உரைகள் உருவாக்கப்பட வேண்டும். தமிழ் பேசும் தாதியர், ஆலோசகர், மருத்துவ உளவியலாளர் ஆகியோருக்கு மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி வேண்டும். ஸ்ரீ மஞ்சோங், உலு கிந்தா மருத்துவமனைகளில் வழக்கமான உளவியல் சிகிச்சையை மட்டும் பெறுவோரையும், அதனோடு தமிழில் அறிதுயில் பெறுவோரையும், அதனோடு வேறு மொழியில் அறிதுயில் பெறுவோரையும் ஒப்பிடும் சோதனை நடத்தப்பட வேண்டும். தமிழால் கூடுதல் பயன் இல்லையென்று அச்சோதனை காட்டினால் இக்கட்டுரையின் வாதம் கைவிடப்பட வேண்டியதே. பயன் உண்டென்று காட்டினால், ஆயர் தாவாரில் ஒருவர் தம் படபடப்பைத் தம் மொழியில் சொல்லி, அதே மொழியில் சிகிச்சை பெறுவது பொதுச் சுகாதாரத்தின் அடிப்படைச் சேவையாக வேண்டும்.