குறிகளின் உரிமை

கணினிக்கெனச் செய்நிரல் மொழி ஆக்குவோர் முதற்கண் தீர்க்கவேண்டிய வினா ஒன்றுண்டு. விசைப்பலகையிலுள்ள மிகச் சில குறிகளுள் எவற்றை மொழி தனக்கென ஒதுக்குவது, எவற்றைப் பயில்வோர்க்கு விடுவது என்பதே அது. சமக்குறியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

உவெல்சு நாட்டினரான றொபேட் றெக்கோட் 1557இல் வெளியிட்ட அட்சரகணித நூலிலே சமக்குறியை முதன்முதல் வழங்கினார். இரு சமாந்தரக் கோடுகளினும் சமமான பொருள் வேறில்லை என்பது அவர் கருத்து. நானூறாண்டுகளின் பின், 1957இல், ஐ.பீ.எம். நிறுவனத்தார் வெளியிட்ட போட்ரான் மொழி அக்குறிக்கு வேறொரு பணி தந்தது. 'க = க + 1' என்பது கணிதத்திற் பொய்; போட்ரானிலோ, க என்பதன் பெறுமானத்தை ஒன்றாற் கூட்டுக என்னும் கட்டளை. குறி இவ்வாறு கைப்பற்றப்பட்டமையால், இரண்டு பெறுமானங்கள் சமமோ என வினவுதற்குப் பின்னர் இரு புள்ளிகளிடையே எழுத்துக்களை இட்டு எழுதவேண்டியதாயிற்று. 1960ஆம் ஆண்டின் அல்கோல் மொழியோ கட்டளைக்கு ':=' என்பதை வகுத்து, சமக்குறியின் பழம் பொருளைக் காத்தது.

குறிகளை இணைக்குமிடத்தும் இடர் உண்டு. தொடக்ககாலச் சீ மொழியில் '=-' என்பது கழித்தற் கட்டளை. க என்பதற்கு மறை ஒன்றை இட எண்ணி 'க=-1' என இடைவெளியின்றி எழுதியவர், அதில் ஒன்று கழிக்கப்பட்டதையே கண்டார். 1976இல் அக்குறி '-=' என மாற்றப்பட்டது.

பயில்வோரே புதுக்குறி படைக்கும் உரிமையை 1968ஆம் ஆண்டின் அல்கோல் வழங்கியது. இரு பெறுமானங்களிடையே நிற்கும் புதுக்குறிக்கு ஒன்று முதல் ஒன்பது வரை முந்துரிமை குறிக்கவேண்டும். இன்றேல் எச்செய்கை முன்நிகழும் என்பது துணியப்படாது. முந்துரிமை மட்டும் போதாது. '8 - 3 - 2' என்பதை இடமிருந்து கணித்தால் விடை 3. வலமிருந்து கணித்தால் 7. ஆதலின் 1990இல் தோன்றிய ஹாஸ்கெல் மொழி, முந்துரிமையோடு திசையையும் கூற இடந்தந்தது. எனினும் '=', '->' முதலிய சிலவற்றைத் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. அம்மொழியிலும் அடுத்தடுத்து நிற்கும் குறிகள் ஒரு குறியாகவே கொள்ளப்படுதலின், 'க=-1' என நெருக்கி எழுதுதல் பிழையாகும்.

1985இல் வெளிவந்த சீ பிளஸ் பிளஸ் இடைவழி சென்றது: உள்ள குறிகளுட் பலவற்றுக்குப் புதுப்பொருள் தரலாம், புதுக்குறி ஆக்கலாகாது. பத்தாண்டுகளின் பின் வந்த ஜாவா அவ்வுரிமையையும் பயில்வோர்க்கு அளிக்கவில்லை.

உரிமையை முற்றாக மறுத்தால், அணிகளைக் கூட்டுவோனும் கூட்டற்குறியை இழந்து நீண்ட பெயர்களால் எழுத நேரும். வரம்பின்றி அளித்தாலோ ஒருவர் படைத்த குறி மற்றவர்க்குப் புதிராகும். செய்நிரல் எழுதப்படுவது ஒருமுறை, படிக்கப்படுவது பன்முறை. ஆகவே ஒதுக்குவன சிலவாகவும், விடுவன தெளிந்த விதிக்குட்பட்டனவாகவும் அமைதலே தக்கது.