கடவுச்சொல் சிக்கல்தன்மை விதிகள்

கடவுச்சொல் சிக்கல்தன்மை விதிகள் என்பன, ஒரு கணினியிலோ சேவையிலோ பயனர் ஒருவர் அமைக்கும் கடவுச்சொல் எத்தகைய எழுத்துக்களைக் கொண்டிருக்க வேண்டும், எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும், எவற்றைக் கொண்டிருக்கக் கூடாது என வரையறுக்கும் விதிகள் ஆகும். பிறரால் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களைத் தடுப்பதே இவற்றின் நோக்கம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், சிறப்புக் குறி ஆகியவற்றைக் கலந்து எழுதுமாறு கோருவது இவற்றுள் மிகப் பரவலானது. தனிநபர் கணினிகளில் இவ்விதிகளை இயங்குதளத்தின் வழியாக நிர்வாகி இயக்கலாம், நிறுத்தலாம் அல்லது மாற்றலாம். எழுத்துக் கலப்பைக் கட்டாயப்படுத்துவதைவிட நீளத்தை வலியுறுத்துவதே பயன்தரும் என்பது இன்றைய பரிந்துரை ஆகும்.

வரலாறு

1960களின் தொடக்கத்தில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான நேரப்பகிர்வு முறைமையில், பல பயனர்களின் கோப்புக்களைப் பிரித்துக் காக்கக் கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டது. 1979 இல் இராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் யுனிக்ஸ் கடவுச்சொற்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகக் குறுகியனவாகவோ, சிறிய எழுத்துக்கள் அல்லது எண்கள் மட்டும் கொண்டனவாகவோ, அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் காணப்படுவனவாகவோ இருந்தன. பயனரை அவர் விருப்பப்படி விட்டால் எளிய கடவுச்சொல்லையே தேர்ந்தெடுப்பார் என்பது இதனால் உறுதியானது.

விண்டோஸ் என்.டி. 4.0 இன் இரண்டாம் சேவைப் பொதியுடன் மைக்ரோசாப்ட் நிறுவனம் கடவுச்சொல் வடிகட்டி ஒன்றை வழங்கியது. அதனை நிர்வாகி தனியாக நிறுவ வேண்டியிருந்தது. விண்டோஸ் 2000 முதல் இவ்வசதி இயங்குதளத்தின் பாதுகாப்புக் கொள்கையில் ஓர் உறுப்பாகவே அமைந்தது.

விண்டோசில் விதியின் உள்ளடக்கம்

விண்டோசில் சிக்கல்தன்மை விதி இயக்கப்பட்டால் புதிய கடவுச்சொல் பின்வரும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட வேண்டும்:

* குறைந்தது ஆறு எழுத்துக்கள் இருக்க வேண்டும்.
* பயனரின் கணக்குப் பெயரைக் கொண்டிருக்கக் கூடாது. முழுப்பெயரில் இடைவெளி, புள்ளி, சிறுகோடு போன்றவற்றால் பிரிக்கப்படும் பகுதிகளையும் கொண்டிருக்கக் கூடாது. மூன்று எழுத்துக்களுக்குக் குறைந்த பெயர்களும் பகுதிகளும் சோதிக்கப்படுவதில்லை.
* பெரிய எழுத்துக்கள், சிறிய எழுத்துக்கள், 0 முதல் 9 வரையான எண்கள், சிறப்புக் குறிகள், பெரியது சிறியது என்ற வேறுபாடு இல்லாத மொழிகளின் எழுத்துக்கள் ஆகிய ஐந்து பிரிவுகளில் ஏதேனும் மூன்றிலிருந்து எழுத்துக்கள் இடம்பெற வேண்டும்.

இதே பகுதியில் வேறு சில கொள்கைகளும் உள்ளன:

* கடவுச்சொல் வரலாறு: பழைய கடவுச்சொற்களை மீண்டும் பயன்படுத்துவதைத் தடுப்பது. 0 முதல் 24 வரை நினைவில் வைக்கலாம்.
* உச்சப் பயன்பாட்டுக் காலம்: இதன் இயல்பு மதிப்பு 42 நாட்கள். 0 எனக் கொடுத்தால் கடவுச்சொல் காலாவதியாவதில்லை. கணக்கின் பண்புகளில் "என்றும் காலாவதியாகாது" எனக் குறிக்கப்பட்ட கணக்குகளை இது கட்டுப்படுத்தாது.
* குறைந்தபட்சப் பயன்பாட்டுக் காலம்: பயனர் ஒரே நாளில் பலமுறை கடவுச்சொல்லை மாற்றி வரலாற்று விதியைத் தாண்டுவதைத் தடுப்பது.
* குறைந்தபட்ச நீளம்: நெடுங்காலமாக 0 முதல் 14 வரை மட்டுமே கொடுக்கக்கூடியதாக இருந்தது.
* மீட்கக்கூடிய குறியாக்கத்தில் சேமித்தல்: கடவுச்சொல்லை ஏறக்குறைய வெளிப்படையாகவே சேமிப்பதற்கு ஒப்பானது. தனிநபர் கணினியில் இதனை இயக்க வேண்டிய தேவை இல்லை.

அலுவலக வலையமைப்பில் சேராத தனிக் கணினிகளில் சிக்கல்தன்மை விதி இயல்பாக நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும்.

விதிகளை மாற்றும் முறை

விண்டோசின் புரொபஷனல் மற்றும் அதற்கு மேற்பட்ட பதிப்புக்களில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி எனப்படும் உள்ளகப் பாதுகாப்புக் கொள்கைக் கருவி உள்ளது. நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, தொடக்கப் பட்டியின் தேடல் பெட்டியில் இப்பெயரைத் தட்டச்சு செய்து இதனைத் திறக்கலாம். இடப்புறத்தில் கணக்குக் கொள்கைகள் என்பதையும் அதனுள் கடவுச்சொல் கொள்கை என்பதையும் தெரிவு செய்தால், மேற்கூறிய கொள்கைகள் வலப்புறத்தில் தோன்றும். தேவையான வரியை இருமுறை சொடுக்கி மாற்றலாம்.

ஹோம் பதிப்புக்களில் இக்கருவி இல்லை. அவற்றில் கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறந்து, நெட் அக்கவுண்ட்ஸ் என்னும் கட்டளையின் மூலம் குறைந்தபட்ச நீளம், பயன்பாட்டுக் காலங்கள், வரலாறு ஆகியவற்றை மாற்றலாம். சிக்கல்தன்மை விதியை இக்கட்டளையால் மாற்ற இயலாது.

கொள்கையை மாற்றியவுடன் ஏற்கனவே உள்ள கடவுச்சொற்கள் சோதிக்கப்படுவதில்லை. அடுத்த முறை கடவுச்சொல் மாற்றப்படும்போதே புதிய விதி செயற்படும். எனவே, விதியைக் கடுமையாக்கிய பின்னரும் கணினியில் பழைய எளிய கடவுச்சொல் நீடித்திருக்கக்கூடும். மேலும், இக்கொள்கைகள் அக்கணினியில் உருவாக்கப்பட்ட கணக்குகளுக்கே உரியவை. மைக்ரோசாப்ட் இணையக் கணக்கின் மூலம் நுழைபவரின் கடவுச்சொல்லுக்கு அந்நிறுவனத்தின் விதிகளே பொருந்தும்.

லினக்சில்

லினக்சு வழங்கல்கள் பலவற்றில் பிடபிள்யூகுவாலிட்டி என்னும் கூறு இப்பணியைச் செய்கிறது. அதன் அமைவடிவக் கோப்பில் குறைந்தபட்ச நீளம், தேவையான எழுத்துப் பிரிவுகளின் எண்ணிக்கை, பழைய கடவுச்சொல்லிலிருந்து மாறுபட வேண்டிய எழுத்துக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிடலாம். ஒவ்வொரு பிரிவுக்கும் எதிர்ம எண் கொடுத்தால், அப்பிரிவிலிருந்து அத்தனை எழுத்துக்கள் கட்டாயமாகும். கிராக்லிப் என்னும் நிரலகத்தின் துணையுடன் அகராதிச் சொற்களையும் இது தடுக்கிறது. இது விண்டோசின் உள்ளகக் கொள்கையில் இல்லாத ஒரு சோதனை ஆகும். இயல்பு நிலையில் முதன்மைப் பயனரான ரூட்டுக்கு எச்சரிக்கை மட்டுமே தரப்படும்; அவர் அதனை மீறிச் செல்ல இயலும்.

விதிகளின் வரம்பு

சிக்கல்தன்மை விதி எழுத்து வகைகளை எண்ணுகிறதே அன்றி, ஊகிப்பதற்கு எவ்வளவு கடினம் என்பதை அளப்பதில்லை. பாஸ்வேர்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்கி, இறுதியில் 1 என்ற எண்ணைச் சேர்த்தால் விண்டோசின் விதி முழுமையாக நிறைவேறும். ஆயினும், தாக்குபவர் முதலில் முயன்று பார்ப்பவற்றுள் அதுவும் ஒன்றாகும். முதலெழுத்தைப் பெரிதாக்குதல், இறுதியில் எண்ணோ வியப்புக்குறியோ சேர்த்தல் போன்ற பழக்கங்கள் கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்களில் விதிகளாகவே எழுதப்பட்டுள்ளன. 2009 இல் ராக்யூ என்னும் இணைய நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளியானபின், மக்கள் உண்மையில் எவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது தாக்குபவர்களுக்கும் தெளிவாகியது. அப்பட்டியலில் முதலிடம் பெற்றது 123456 ஆகும்.

நீளத்தின் பயனைக் கணக்கிட்டுக் காணலாம். விசைப்பலகையில் உள்ள 95 ஆங்கில எழுத்துக்களையும் குறிகளையும் கலந்து தற்செயலாக அமைக்கும் 8 எழுத்துக் கடவுச்சொற்கள் ஏறத்தாழ 66 கோடி கோடி, அதாவது 6.6 × 10^15 ஆகும். சிறிய எழுத்துக்கள் 26 ஐ மட்டும் கொண்டு தற்செயலாக அமைக்கும் 12 எழுத்துக் கடவுச்சொற்கள் 9.5 × 10^16 ஆகும். பின்னது முன்னதைப்போல் சுமார் 14 மடங்கு. எனினும், இக்கணக்கு தற்செயலாகத் தெரிவு செய்யப்பட்ட எழுத்துக்களுக்கே பொருந்தும்.

அடிக்கடி மாற்றுமாறு கட்டாயப்படுத்துவதும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பயன்பாட்டில் இல்லாத 10,000 க்கும் மேற்பட்ட கணக்குகளை ஆராய்ந்து 2010 இல் முடிவுகளை வெளியிட்டனர். பழைய கடவுச்சொல் தெரிந்திருந்தால், 41 விழுக்காட்டு நேர்வுகளில் புதியதைச் சில நொடிகளில் கண்டறிய முடிந்தது. பயனர்கள் பழையதன் இறுதி எண்ணை ஒன்று கூட்டுவது போன்ற சிறு மாற்றங்களையே செய்தமை இதற்குக் காரணம்.

பரிந்துரைகளில் மாற்றம்

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2004 இல் வெளியிட்ட வழிகாட்டியே எழுத்துக் கலப்பு விதிகள் உலகெங்கும் பரவ ஒரு காரணமாயிற்று. அதன் ஆசிரியர்களுள் ஒருவரான பில் பர், தாம் பரிந்துரைத்தவற்றுள் பலவற்றுக்காக வருந்துவதாக 2017 இல் தெரிவித்தார். அதே ஆண்டு வெளியான திருத்தப் பதிப்பு, எழுத்துக் கலப்பையும் காலமுறை மாற்றத்தையும் கட்டாயப்படுத்த வேண்டாம் என்றது. ஏற்கனவே வெளியான கடவுச்சொற்களின் பட்டியலுடன் ஒப்பிட்டு நிராகரிக்குமாறு கூறியது. 2025 இல் வெளியான பதிப்பு எழுத்துக் கலப்பு விதிகளை விதிக்கவே கூடாது என்கிறது. கடவுச்சொல் மட்டுமே பாதுகாப்பாக உள்ள இடங்களில் குறைந்தது 15 எழுத்துக்கள் வேண்டும் எனவும் வரையறுக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2019 இல் தனது அடிப்படைப் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து கடவுச்சொல் காலாவதி விதியை நீக்கியது.

தமிழ் எழுத்துக்களும் கடவுச்சொல்லும்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை. ஆகவே, தமிழ் எழுத்துக்கள் விண்டோஸ் விதியின் ஐந்தாம் பிரிவில் அடங்கும். எவ்வளவு நீளமான தமிழ்த் தொடரும் ஒரு பிரிவாகவே கருதப்படுவதால், எண்ணும் குறியும் போன்ற வேறு இரு பிரிவுகளின் எழுத்துக்களையும் சேர்த்தாலன்றி விதி நிறைவேறாது.

ஒருங்குறியில் "ொ" என்னும் உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவோ, "ெ", "ா" என்னும் இரு குறியெண்களாகவோ எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடுமுன் அவற்றைச் சீராக்காத கணினிக்கு அவை வெவ்வேறு கடவுச்சொற்கள் ஆகும். தமிழ் விசைப்பலகை நிறுவப்படாத வேறொரு கணினியில் அக்கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யவும் இயலாது. புள்ளிகளாக மறைக்கப்படுவதால் பிழையைக் காணவும் முடியாது. இக்காரணங்களால், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துக்களில் எழுதிப் பயன்படுத்துவது நடைமுறையில் எளிதாக உள்ளது.

தனிநபர் கணினிக்கு ஏற்ற அமைப்பு

வீட்டில் பயன்படுத்தும் கணினிக்கு, குறைந்தபட்ச நீளத்தை 14 என வைத்து, உச்சப் பயன்பாட்டுக் காலத்தை 0 ஆக்கலாம். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைத் தற்செயலாகத் தெரிந்து இணைத்து எழுதினால் நினைவில் வைப்பதும் எளிது. பகடையை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டைஸ்வேர் முறை இவ்வகையைச் சேர்ந்தது. புகழ்பெற்ற பாடல் வரிகளும் பழமொழிகளும் தற்செயலானவை அல்ல என்பதால் தவிர்க்கத்தக்கவை. பிற சேவைகளில் பயன்படுத்திய கடவுச்சொல்லை இங்குப் பயன்படுத்தலாகாது. தவறான முயற்சிகளுக்குப் பின் கணக்கைச் சிறிது நேரம் பூட்டும் கொள்கையையும் இயக்கலாம். 2022 முதல் விண்டோஸ் 11 இன் புதிய நிறுவல்களில், 10 தவறான முயற்சிகளுக்குப் பின் 10 நிமிடங்கள் பூட்டுவது இயல்பாகவே உள்ளது.

கவனிக்க வேண்டியவை

நுழைவுக் கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் அது வன்தட்டிலுள்ள தரவைக் குறியாக்கம் செய்வதில்லை. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைப்பவர் அக்கோப்புக்களைப் படிக்க இயலும். இதனைத் தடுக்க வன்தட்டு முழுவதையும் குறியாக்கம் செய்ய வேண்டும்.

மறந்துபோன கடவுச்சொல்லை மற்றொரு நிர்வாகி மாற்றியமைக்கலாம். ஆனால், விண்டோசின் கோப்புக் குறியாக்க முறையால் பயனர் பூட்டிய கோப்புக்கள் அதன்பின் திறக்கப்படாமற் போகும். குறியாக்கச் சான்றிதழின் படி ஒன்றை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாலன்றி அவற்றை மீட்பது அரிது. எனவே, விதிகளைக் கடுமையாக்குவதற்கு முன், கடவுச்சொல் மீட்பு வட்டு ஒன்றை உருவாக்கிக் கொள்வதும், மீட்பு விசையையும் முக்கியக் கோப்புக்களின் படியையும் கணினிக்கு வெளியே பாதுகாப்பாக வைப்பதும் இன்றியமையாதவை ஆகும்.