குன்மமும் நெஞ்செரிவும்

செரியாமையையும் வயிற்றெரிவையும் நம் சித்த வைத்தியர் குன்மம் என்றனர். இரைப்பையிற் சுரப்பது ஐதரோகுளோரிக் அமிலமே என இலண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட் 1824 இல் வெளியிட்டார். 1848 இல் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைப் பின்னர் தமிழிலேயே கற்பித்தார். அமிலத்தை முறிக்கும் மருந்துகள் எரிவைத் தணித்தன. இரைப்பைப் புண்ணோ மீண்டும் தோன்றியது. அதற்குப் பெருங்காரணமான கிருமியை 1982 இல் ஆஸ்திரேலியரான வாரனும் மார்ஷலும் வளர்த்துக் காட்டினர். 2005 இல் நோபல் பரிசு பெற்றனர்.

நெடுந்தீவு மக்கள் யாழ்ப்பாணத்துப் பெரிய வைத்தியசாலைக்குக் கடல் கடந்தே செல்லவேண்டும். ஆதலின் மருந்துக்கடைக்காரர் வில்லை கொடுக்குமுன் வினவவேண்டியவை சில உள: விழுங்குதல் கடினமா? உடல் மெலிகின்றதா? மலம் கரியதா? நோவு தோளுக்கோ தாடைக்கோ பரவி வியர்க்கின்றதா? ஒன்றேனும் உண்டெனில் வில்லை போதாது. இறுதியிற் கூறியது மாரடைப்பின் குறியாகலாம். அவரைக் கணமும் தாழ்க்காது தீவின் வைத்தியசாலைக்கு அனுப்புதல் வேண்டும்.