முந்தியது பேச்சா, கைதா? 1908 நெல்லை எழுச்சியும் 2018 தூத்துக்குடி இணையத் தடையும்

1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலி ஏன் எரிந்தது என்பதற்கு 1918இல் பிரிட்டிஷ் அரசின் தேசத்துரோக விசாரணைக் குழுவான ரௌலட் குழு ஒரு காரணம் எழுதிவைத்தது: பேச்சு தூண்டியது. நூறாண்டு கழித்து, தூத்துக்குடி உள்ளிட்ட மூன்று மாவட்டங்களில் இணையத்தைத் துண்டித்த ஆணைக்குள்ளும் அதே காரணம்தான் இருக்கிறது. அது பிழையான காரணம் என்பது என் துணிபு. ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூல் 1908இன் களத்தை விரிவாகத் தந்துவிட்டதால், பின்னணியை இங்கே திரும்பச் சொல்லவில்லை.

ரௌலட் அறிக்கையில் சென்னை மாகாணத்துக்கு ஒதுக்கிய இடம் சிறியது. 1907இல் வங்கத் தலைவர் விபின் சந்திர பால் வந்து பேசியதில் தொடங்குகிறது. சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் நடத்திய கூட்டங்களுக்கு வருகிறது. அங்கிருந்து நெல்லைக் கலவரம், பிறகு 1911இல் மணியாச்சியில் நடந்த ஆட்சியர் ஆஷ் கொலை என்று போகிறது. வெளியூர்க்காரர் பேச்சைக் கொண்டுவந்தார், உள்ளூர்க்காரர் அதைப் பரப்பினார், கூட்டம் தீ வைத்தது என்பதே அதன் ஓட்டம். குழுவில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி.குமாரசாமி சாஸ்திரியும் இருந்தார். ஆகவே ‘ஊர் தெரியாத வெள்ளையர் எழுதியது’ என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

அறிக்கை தேதிகளை மறைக்கவில்லை. சிக்கலே அதில்தான். தூத்துக்குடி கோரல் மில் என்ற நூற்பாலையில் வேலைநிறுத்தம் 1908 பிப்ரவரி 27இல் தொடங்கியது. அதற்கு முன்பும் அது நடந்த நாட்களிலும் தூத்துக்குடியில் கூட்டத்துக்கு மேல் கூட்டம். பேச்சுதான் நெருப்பு என்றால் பற்றியிருக்க வேண்டிய இடம் தூத்துக்குடி, பற்றியிருக்க வேண்டிய நேரம் அதுவே. ஆனால் அந்த வேலைநிறுத்தம் மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வோடு முடிந்தது. தொழிலாளர் ஆலைக்குத் திரும்பினார்கள். மார்ச் 9 அன்று, சிறையிலிருந்த பாலின் விடுதலையைக் கொண்டாடிய கூட்டத்துக்குப் பிறகும் அரசுக் கட்டடம் எதுவும் எரியவில்லை. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சிவாவும் கைதானார்கள். 13ஆம் தேதி திருநெல்வேலியில் நகராட்சி அலுவலகம் எரிந்தது; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள்; தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் பேச்சு நடந்தபோது எரியாத மாவட்டம், பேசியவர்களைப் பிடித்த மறுநாள் எரிந்திருக்கிறது. அறிக்கை தன் கையில் இருந்த தேதிகளைத் தானே எண்ணிப் பார்க்கவில்லை.

பேச்சு மக்களைத் திரட்டி வைத்திருக்காவிட்டால் கைதுக்கு யார் கோபப்பட்டிருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேச்சுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. தேதி வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தை நிறுவிவிடவும் முடியாது. ஆனால் பேச்சைக் கேட்டவர்கள் தாமாக யோசித்துக் கோபப்பட்டார்கள் என்பதும், பேச்சு அவர்களைத் தூண்டி அனுப்பியது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதை நம்பியதால்தான் அரசுக்குப் பேச்சாளரைச் சிறைக்கு அனுப்புவது அமைதி காக்கும் வழியாகத் தெரிந்தது. காவல்துறையினர் கூட்டங்களில் எடுத்த குறிப்புகளே அவர்கள்மீதான தேசத்துரோக வழக்கில் முதன்மைச் சாட்சியம். 1908 ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுளும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். உயர் நீதிமன்றம் தண்டனையைப் பின்னர் குறைத்தது.

நம் தேசிய இயக்க வரலாறுகளும் இந்த ரௌலட் வரிசையையே எடுத்துக்கொண்டன என்பது எனக்கு இன்னும் வியப்பு. ‘சிங்கம் கர்ஜித்தது, நெல்லை எழுந்தது’ என்ற வகை எழுத்தில் பழி புகழாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். காரணம் அப்படியே இருக்கிறது. இந்த வாசிப்பில் நெல்லைத் தெருவில் சுடப்பட்ட நால்வருக்குச் சொந்தப் புத்தி ஏதும் கிடையாது.

இனி 2018. ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் விரிவாக்கத்துக்கு எதிராக அ.குமரெட்டியாபுரத்தில் பிப்ரவரி 12இல் போராட்டம் தொடங்கியது. மார்ச் 24 அன்று தூத்துக்குடி நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கும் அழைப்பு வாட்ஸ்அப், முகநூல் வழியே போனது. கூட்டம் அமைதியாகக் கூடிக் கலைந்தது. நூறாவது நாளான மே 22இல் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலத்தின்போது துப்பாக்கிச் சூடு நடந்தது. சங்குகுளிப்போரும் மீனவரும் வாழும் திரேஸ்புரத்திலும் அன்று உயிர் போனது. மறுநாள் அண்ணா நகரில் இன்னொரு உயிர். மொத்தம் 13 பேர்.

இதற்குப் பிறகு, மே 23 அன்று, மாநில உள்துறையின் ஆணை வருகிறது. சமூக ஊடகங்களில் பரவிய தூண்டுதல் செய்திகளால் கூட்டம் திரண்டது, வதந்தியைத் தடுத்து அமைதியை மீட்க வேண்டும் என்ற காரணத்தோடு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் 27ஆம் தேதி வரை இணையத்தை நிறுத்தச் சொன்னது. விபின் சந்திர பால் இருந்த இடத்தில் கைபேசி வந்து அமர்ந்திருக்கிறது; மற்றபடி ரௌலட் வரிசைதான். அதே கைபேசியில் செய்தி ஓடிய மார்ச் 24ஐப் பற்றி ஆணைக்கு நினைவில்லை. மே 22க்கும் மார்ச் 24க்கும் உள்ள வேறுபாட்டைக் கைபேசியில் தேடிப் பயனில்லை. துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது காவல்துறையின் சூட்டைத் தேவையற்றதாகக் கண்டது. ஓடிக்கொண்டிருந்தவர்களை நோக்கிச் சுட்டதைக் கடிந்தது.

பிறகு எதைத் தடுத்தது அந்த ஆணை? வாகனத்தின் மேல் ஏறி மாற்றுடையில் ஒரு காவலர் குறிபார்க்கும் காட்சி ஏற்கெனவே நாடு முழுக்கப் போய்விட்டது. போகாமல் நின்றவை, ஊருக்குள்ளேயே கைபேசிகளில் கிடந்த படங்களும் காணொளிகளும். வதந்தியை மறுக்கக்கூடிய சாட்சிகள் அவை. ஆணையிட்டவர்களின் மனதில் இது இருந்தது என்று நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை. விளைவை மட்டும் சொல்கிறேன்.

ஆணையின் சட்ட அடிப்படையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்ட் 7 தேதியிட்ட தொலைத்தொடர்புச் சேவை தற்காலிக நிறுத்த விதிகள் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்திலிருந்து பிறந்தவை. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு ‘பொது நெருக்கடி’, ‘பொதுப் பாதுகாப்பு’ என்ற இரு காரணங்களைச் சொல்லி, செய்தியை இடையில் எடுத்துப் படிக்கவும் போகவிடாமல் நிறுத்தவும் ஒரே மூச்சில் அதிகாரம் தந்தது. ஒட்டுக்கேட்பும் வாயடைப்பும் தொடக்கம் முதலே ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒட்டுக்கேட்புக்கு 1996இல் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுஆய்வுக் குழு என்ற கட்டுப்பாட்டை வைத்தது. 2017 விதிகள் அதே வகைக் குழுவை வாயடைப்புக்கும் எடுத்துக்கொண்டன.

2017 விதிகளின்படி மாநிலத்தில் இந்தக் குழுவுக்குத் தலைமைச் செயலாளர் தலைவர். உறுப்பினர்களும் அரசுச் செயலாளர்களே, நீதிபதி யாரும் இல்லை. ஆணை பிறந்து ஐந்து வேலை நாட்களுக்குள் குழு கூட வேண்டியிருந்தது. இதை 2018 மே மாத நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். 23ஆம் தேதி புதன்கிழமை. வியாழன், வெள்ளி இரண்டு வேலை நாட்கள். சனி, ஞாயிறு கணக்கில் இல்லை. திங்கள், செவ்வாய், புதன் சேர்ந்தால் ஐந்தாவது வேலை நாள் மே 30. ஆணையின் ஆயுளோ மே 27, ஞாயிறு வரைதான். ஆணை செத்து மூன்று நாள் கழித்து அதை ஆராய உட்கார்ந்தாலும் விதி மீறப்பட்டதாகாது. குழு முன்னதாகவே கூடியிருக்கலாம்; விதி அதைத் தடுக்கவில்லை. ஆனால் முன்னதாகக் கூட வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை. ஐந்து நாள் தடைக்கு ஐந்து வேலை நாள் அவகாசம் என்பது தற்செயலா, திட்டமா என்று விதியின் வாசகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. குறுகிய தடையை அது நடக்கும்போதே எட்டும் கட்டாயம் இந்தக் காப்புக்கு இருக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

அனுராதா பசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இத்தகைய ஆணைகளை வெளியிட்டே ஆக வேண்டும் என்றது. காலவரையின்றி முடக்குவது கூடாது என்றது. அதே ஆண்டில் 15 நாள் வரம்பும் விதிகளில் சேர்ந்தது. தூத்துக்குடியின் ஐந்து நாள் அந்த வரம்புக்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் 1885ஐ நீக்கிவிட்டு வந்தாலும், இடைமறிப்பையும் நிறுத்தத்தையும் 20ஆம் பிரிவில் பக்கத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கிறது.

இவ்வளவையும் கோத்து, 1908இல் பேச்சாளரைப் பிடித்த அரசு 2018இல் இணையக் கம்பியைப் பிடித்தது என்று ஒரு கோடு கிழிக்கத் தோன்றும். ஒரு வழக்கு அதற்கு இடம் தரவில்லை. அதே 2018 செப்டம்பர் 3 அன்று தூத்துக்குடி விமான நிலையத்தில் மத்திய ஆளுங்கட்சிக்கு எதிராகக் குரல் எழுப்பிய ஆய்வு மாணவி ஒருவர் கைதானார். கம்பி இல்லை, கூட்டம் இல்லை. ஒரு குரல், ஒரு முழக்கம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்ய 2023 ஆகஸ்ட் ஆயிற்று. மே மாதத்தில் மூன்று மாவட்டங்களை மொத்தமாக நிறுத்திய முறையும், செப்டம்பரில் ஒருவரைத் தனியாகப் பிடித்த முறையும் ஒரே ஊரில், நான்கு மாத இடைவெளிக்குள். பழையது போய்ப் புதியது வந்தது என்று இதைக் காலவரிசைப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை.