பழைய தபால்தலைக்கு விலை எங்கே இருக்கிறது?

தாத்தாவின் பெட்டியில் பழைய தபால்தலைகள் கிடைத்துவிட்டால், உடனே எழும் கேள்வி ஒன்றுதான்: "இது எத்தனை ஆயிரம் வெள்ளி பெறும்?" பழையது என்றாலே விலை அதிகம் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

உண்மை என்ன? உலகின் முதல் தபால்தலையான 'பென்னி பிளாக்' 1840 மே மாதம் பிரிட்டனில் வெளிவந்தது. அச்சிடப்பட்டவை ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம். அதனால் முத்திரை குத்தப்பட்ட பிரதிகள் இன்றும் தாராளமாக விற்பனைக்கு வருகின்றன. ஓரத்தில் பல் இல்லாத அந்தத் தலையைக் கத்தரித்துத்தான் ஒட்டினார்கள். நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் முழுதாக இருந்தால் நல்ல விலை. கத்தரிக்கோல் படத்தையே தின்றிருந்தால் அதில் சிறு பங்குகூடத் தேறாது. வயது என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்!

ஆகவே நிலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓரப்பற்கள் உதிர்ந்திருக்கிறதா, மடிப்பு விழுந்திருக்கிறதா, நிறம் வெளுத்ததா என்பவை மேலோட்டமாகவே தெரியும். உறையிலிருந்து பிய்க்கும்போது பின்புறத் தாள் உரிந்து மெலிந்த இடம் மட்டும் ஒளிந்துகொள்ளும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அகப்படும். சிங்கப்பூரின் ஈரக் காற்று இன்னொரு எதிரி. பயன்படுத்தாத தலைகளின் பசை இளகி ஒன்றோடொன்று ஒட்டும். பழுப்புப் புள்ளிகள் படரும். பசை போன பழைய தலைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் தொல்லை இல்லை.

சரி, நிலை நன்றாக இருந்தால் போதுமா? போதாது. முத்திரையையும் படிக்க வேண்டும். இங்கேதான் சிங்கப்பூர் சரித்திரமே வருகிறது.

அன்று இந்தத் தீவின் நிர்வாகம் கல்கத்தாவின் கையில் இருந்தது. எனவே 1854-ல் இந்தியாவில் வெளியான தபால்தலைகளே இங்கும் புழங்கின. விக்டோரியா ராணி முகம் பதித்த பழுப்பு நிற ஓரணாத் தலை இந்தியாவில் ஏராளம், மலிவும்கூட. ஆனால் அதன்மேல் ஆங்கில 'பி' எழுத்தும் 172 என்ற எண்ணும் தெரிந்தால், அது சிங்கப்பூரில் முத்திரை குத்தப்பட்டது. 147 பினாங்கு, 109 மலாக்கா. அதே ஓரணாத் தலை அப்போது வேறு வரிசைக்குப் போய்விடுகிறது. 1867 ஏப்ரல் 1-ல் நீரிணைக் குடியேற்றங்கள் லண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறி, வெள்ளி, காசு கணக்கு வந்தது. செப்டம்பரில் இந்தியத் தலைகள்மீதே கிரீடமும் காசு மதிப்பும் அச்சிட்டு ஒன்பது வகைகளை வெளியிட்டார்கள்.

முத்திரை விலையைக் கூட்டவும் செய்யும், குறைக்கவும் செய்யும். நீரிணைக் குடியேற்றங்களின் 25, 100, 500 வெள்ளித் தலைகள் கடிதத்துக்கு மட்டுமின்றி, பத்திரங்களுக்கும் வரி வில்லையாகப் பயன்பட்டன. பேனாக் கோடோ அலுவலக முத்திரையோ உள்ள தலைக்கு, அஞ்சல் முத்திரை உள்ளதைவிட விலை மிகக் குறைவு. அந்த வித்தியாசம்தான் மோசடிக்காரர்களுக்கு முதலீடு. பேனா மையைக் கழுவிப் போலி அஞ்சல் முத்திரை குத்திவிடுவார்கள்.

இன்னொரு வேடிக்கை. ஊழியர்கள் எடுத்து விற்றுவிடக் கூடாது என்று, அந்நாள் நிறுவனங்கள் தபால்தலைமேல் தம் பெயர் முத்திரையைக் குத்தின. துளையிட்டு எழுத்துப் பொறித்ததும் உண்டு. முன்பு இவற்றைக் கெட்டுப்போனவை என்று ஒதுக்கினார்கள். இன்று இவற்றையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

விலைப்பட்டியலைப் பார்த்து மனக்கணக்குப் போடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. 'ஸ்டான்லி கிப்பன்ஸ்' பட்டியலில் உள்ளது, நல்ல நிலையிலுள்ள தலையை அந்த நிறுவனம் விற்கும் விலை. வாங்கும் விலை அல்ல. மிகச் சாதாரணத் தலைகளுக்குப் போட்டிருக்கும் குறைந்தபட்ச விலை, அதைத் தேடி எடுத்துக் கொடுக்கும் கூலிதான்.

பிறகு எதை வைத்துக்கொள்வது? உறையை! 'சிங்கப்பூர்' என்று பெயர் தாங்கிய தலைகள் முதன்முதலில் வந்தது 1948 செப்டம்பர் 1-ல். அந்த வரிசையின் ஊதா நிறப் பத்துக் காசுத் தலையைத் தனியே பிய்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதுவே தேக்கா பகுதியின் கண்டாங் கெர்பாவ் அஞ்சல் நிலைய முத்திரையோடும் தேதியோடும், தமிழ்நாட்டுக் கிராமத்து முகவரியோடும் முழு உறையில் இருந்தால், யார் எப்போது எங்கே எழுதினார் என்பதற்கு அதுவே சான்று. சிராங்கூன் சாலை வீடுகளிலிருந்து அப்படி எத்தனையோ கட்டுகள் பழைய தாளோடு எடைக்குப் போயிருக்கும். தலையை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு உறையைக் குப்பையில் போடுவது, மூக்குத்திக்காக மூக்கை அறுப்பது போன்ற வேலை.

தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் பழக்கத்திலும் ஆபத்து உண்டு. முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டுவதைத் தடுக்க, பழைய தலைகள் பலவற்றில் தண்ணீர் பட்டதும் கலையும் பச்சை, ஊதா மைகளைப் பயன்படுத்தினார்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் ராஜாவின் முகமே கரைந்து போகும்.