உமிழ்நீர்ச் சுரப்பியும் விந்தாக்கமும்: ஓர் அறிவியற் கருத்தின் வரலாறு

உடலின் உறுப்புக்களைத் தொழிலுக்கேற்ப வகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயும் மரபு உடற்றொழிலியலின் வளர்ச்சிக்குப் பெரிதும் துணைபுரிந்தது. ஆயின், ஆய்வு வசதிக்காக வகுக்கப்பட்ட பிரிவுகள் இயற்கையின் பிரிவுகளாகவே கொள்ளப்படும்பொழுது, அவை ஆய்வுக்குத் தடையாகவும் அமைந்துவிடுகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் விந்தாக்கத்துக்குமிடையே தொடர்புண்டு என்னும் கருத்து உருவான வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்விரு உறுப்புக்களையும் இணைத்து நோக்கியமை புதிதன்று. தாசோஸ் தீவில் பரவிய நோயொன்றிலே காதருகே வீக்கமும், சிலருக்கு விதைகளில் அழற்சியும் தோன்றியமையை இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் பண்டைய கிரேக்க மருத்துவ நூல் பதிவுசெய்துள்ளது. நம்மிடையே கூகைக்கட்டு எனப்படும் அந்நோயில் ஒரே வைரசு இரு உறுப்புக்களையும் தாக்குகின்றது. ஓர் உறுப்பு மற்றதனை இயக்குவதில்லை. ஒருங்கு நிகழ்தல் வேறு, காரணமாதல் வேறு என்பது முதற்கண் மனங்கொள்ளத்தக்கது.

1902இல் பேலிசும் ஸ்ரார்லிங்கும் செக்கிரற்றினைக் கண்டறிந்தனர். 1905இல் ஸ்ரார்லிங் ‘ஓமோன்’ என்னும் சொல்லை வழக்கிற் புகுத்தினார். கானுள்ள சுரப்பிகள், கானில்லாச் சுரப்பிகள் என்னும் பாகுபாடு இதன் பின்னர் மேலும் வலுப்பெற்றது. உமிழ்நீர்ச் சுரப்பி முதல் வகையினது. உணவுச் சமிபாடே அதன் தொழில் எனக் கருதப்பட்டது. 1940இல் பிரெஞ்சு அறிஞர் லக்கசான், ஆண் சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பி பெண்ணினதிலிருந்து அமைப்பில் வேறுபடுவதை எடுத்துக்காட்டினார். ஆண் ஓமோனே இவ்வேறுபாட்டின் காரணம். எனினும், இத்தொடர்பு ஒருதிசைப்பட்டதாகவே விளங்கிக்கொள்ளப்பட்டது: விதை ஆணையிடும், சுரப்பி வளரும்.

மறுதிசை புலனாவதற்கு வேறொரு துறையிலிருந்து வழி பிறந்தது. முசோலினி ஆட்சியின் 1938ஆம் ஆண்டு இனச் சட்டங்களாற் பதவியிழந்த றீற்றா லெவி மொந்தால்சினி, ரூறின் நகரில் தமது படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கிக் கோழிக் கருக்களின் நரம்புகளை ஆராய்ந்தவர். 1947இல் அவர் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகருக்குச் சென்றார். 1953இல் அவருடன் இணைந்த ஸ்ரான்லி கோகன் புறூக்ளினில் ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்து, கட்டணமற்ற கல்லூரியிற் பயின்ற உயிரிரசாயனவியலாளர். நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தூய்மையாக்கும் பணியில் நொதியத்துக்காகப் பாம்பு நஞ்சைப் பயன்படுத்தியபோது, அந்நஞ்சிலேயே அக்காரணி மிகுதியாக இருப்பது தெரியவந்தது. பாம்பின் நச்சுச் சுரப்பி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஒப்பானது என்னும் எண்ணம் அவரை ஆண் சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பிக்கு இட்டுச் சென்றது. அதன் சாற்றைப் பெற்ற சுண்டெலிக் குஞ்சுகள், ஏறத்தாழ இரு வாரங்களில் திறக்கவேண்டிய கண்களை ஒரு வாரத்திலேயே திறந்தன. இதற்குக் காரணமான புரதத்தை 1962இல் கோகன் விவரித்தார். அதுவே மேற்றோல் வளர்ச்சிக் காரணி.

இக்காரணி உமிழ்நீருடன் மட்டுமன்றிக் குருதியிலும் கலக்கின்றது. 1986இல் சுற்சுமி, குறாச்சி, ஓக்கா ஆகிய மூவரும் ஆண் சுண்டெலிகளின் கீழ்த்தாடைச் சுரப்பிகளை அகற்றி விளைவை ஆராய்ந்தனர். குருதியில் இக்காரணி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தது. முதிர்ந்த விந்துக்களின் தொகை 55 சதவீதம் வரையும், விதையிலுள்ள விந்தாகு கலங்கள் 40 முதல் 50 சதவீதம் வரையும் வீழ்ச்சியுற்றன. அவற்றுக்கு முந்திய நிலையிலுள்ள கலங்களோ ஏறத்தாழ 20 சதவீதம் கூடின. அதாவது, ஒடுக்கற்பிரிவிலே கலங்கள் தேங்கின. ஆயினும் ரெஸ்ரொஸ்ரரோனின் அளவு மாறவில்லை. காரணியை மீண்டும் வழங்கியபோது விந்தாக்கம் பழைய நிலையை எய்தியது. அதே ஆண்டில் லெவி மொந்தால்சினியும் கோகனும் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயின், வரலாறு இத்துடன் முற்றுப்பெறவில்லை. பின்வந்த ஆய்வுகள் யாவும் ஒரே முடிவைத் தரவில்லை. இக்காரணிக்குரிய பரம்பரையலகு செயலிழக்கச் செய்யப்பட்ட சுண்டெலிகளும் இனம்பெருக்குகின்றன என 1999இல் அறியப்பட்டது. விதையும் இதனையொத்த காரணிகளைத் தானே உற்பத்திசெய்கின்றது. எனவே, சுரப்பி விந்தாக்கத்தைத் தீர்மானிக்கின்றது என்பது மிகைக்கூற்று. அதன்மீது செல்வாக்குச் செலுத்தக்கூடும் என்பதே பொருந்தும். சுண்டெலியிற் கண்டதை அப்படியே மனிதனுக்கு ஏற்றிக் கூறுதலும் தகாது. ஆண் சுண்டெலியின் சுரப்பியிற் காணப்படும் இக்காரணியின் செறிவு தனித்தன்மை வாய்ந்தது.

விதையின் ஓமோன் சுரப்பியை வளர்க்கின்றது. வளர்ந்த சுரப்பி விதையின் தொழிலுக்குத் துணைநிற்கின்றது. இங்கு விளைவே காரணமாகவும் மாறுகின்றது. இலக்கியத்துக்கும் சமுதாய அடித்தளத்துக்குமுள்ள உறவை ஒருதிசைப்பட்ட ஆணையாகச் சுருக்கிவிடும் நம்மவருட் சிலர், இச்சிறு பிராணியின் உடலிலிருந்தும் பாடங் கற்கலாம். அதேவேளை, பரஸ்பரத் தொடர்பு என்னும் பெயரில் ஒவ்வொரு காரணியின் கனத்தையும் அளவிடாது விடுதல் பொருள்முதல்வாத ஆய்வாகாது. தொடர்பைக் காண்பது ஆய்வின் தொடக்கம்; அதன் எல்லையை வரையறுப்பதே ஆய்வு.