கானா நாட்டுக் கிராமங்களிற் குடிநீர்

அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறுவதே வரலாறு எனக் கருதுவோர் பலர். ஆயின், ஒரு குடம் நீருக்கும் வரலாறு உண்டு. அந்நீர் எங்கிருந்து வந்தது, அதனைச் சுமந்தவர் யார், அதனைக் குடித்தவர்க்கு நேர்ந்தது யாது என வினவுமிடத்து, ஒரு நாட்டு மக்களின் வாழ்வும் தாழ்வும் நமக்குப் புலனாகும். மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா நாட்டின் வடபுலத்துக் கிராமங்கள் நல்ல நீரைப் பெற்ற வரலாறு இத்தகையதொன்று.

கோல்ட் கோஸ்ட் என்னும் பெயருடன் பிரித்தானியர் ஆட்சியில் இருந்த இந்நாடு, 1957ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி விடுதலை பெற்றுக் கானா எனப் பெயர் பூண்டது. இதன் தென்பகுதி காடு செறிந்தது. அங்கே ஆண்டில் இருமுறை மழை பெய்யும். வடபகுதியோ புல்வெளியும் சிதறி நிற்கும் மரங்களுமாய் விரிந்தது. அதற்கு வாய்த்தது ஒரே மழைக்காலம். அது முடிந்ததும் சகாராப் பாலைவனத்திலிருந்து ஹர்மட்டான் என்னும் வரண்ட காற்று புழுதியைச் சுமந்துகொண்டு வீசத் தொடங்கும். ஓடைகள் வற்றிவிடும். அப்போது, மழைநீரைத் தேக்குவதற்கென வெட்டப்பட்ட குளங்களிலும் குட்டைகளிலும் எஞ்சியிருக்கும் கலங்கல் நீரே கதி. மாடுகள் இறங்கும் நீரையே பெண்களும் சிறுமியரும் மொண்டு, தலையிற் சுமந்து, நெடுந்தூரம் நடந்து வீடு சேர்ப்பர்.

அந்நீரிற் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகை இருந்தது. அதுவே கினிப்புழு. பழைய தமிழ் வைத்தியம் இந்நோயை நரம்புச் சிலந்தி என வழங்கிற்று. குளத்து நீரில் வாழும் மிகச் சிறிய நீருண்ணிகளின் உடலில் இப்புழுவின் குஞ்சுகள் தங்கியிருக்கும். அந்நீரைக் குடித்தவரின் வயிற்றில் நீருண்ணி இறந்துவிடும். குஞ்சோ பிழைத்து உடலினுட் புகும். ஏறத்தாழ ஓராண்டு காலம் நோயாளி ஒன்றும் அறியார். அதற்குள் பெண்புழு ஒரு மீற்றர் அளவும் நீளும். பின்னர், பெரும்பாலும் காலில், நெருப்புச் சுட்டாற்போன்ற கொப்புளம் ஒன்று எழும். அது உடைந்து புழுவின் தலை வெளிப்படும். எரிச்சல் தாளாது நோயாளி காலைக் குளத்தில் நனைப்பார். அக்கணமே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரிற் சொரியும். மறுபடியும் நீருண்ணி, மறுபடியும் குடம், மறுபடியும் மனிதன். இவ்வாறு நோயின் சக்கரம் சுழலும்.

இந்நோயைத் தீர்க்க மருந்தும் இல்லை. தடுக்க ஊசியும் இல்லை. ஒருமுறை வந்தவர்க்கு மீண்டும் வராது என்ற உறுதியும் இல்லை. புழுவை ஒரு சிறு குச்சியிற் சுற்றி, நாளுக்குச் சிறிது சிறிதாக, வாரக்கணக்கில் வெளியே இழுப்பதொன்றே வழி. அவசரப்பட்டு இழுத்து அது அறுந்துவிட்டாற் புண் வீங்கிச் சீழ் பிடிக்கும். நோய் உயிரைக் கொல்வது அரிது. உழைப்பைக் கொல்வதோ திண்ணம். உழவேண்டிய தந்தை திண்ணையிற் கிடப்பான். பள்ளி செல்லவேண்டிய பிள்ளை வயலுக்குப் போவான். மாலி நாட்டில் வாழும் டோகன் மக்கள் இதற்கு ‘வெறுங் களஞ்சிய நோய்’ எனப் பெயரிட்டமை எத்துணைப் பொருத்தம்!

நல்ல நீர் நிலத்தினடியில் இருந்தது. அதனை மேலே கொணரும் முயற்சி விடுதலைக்குப் பின்னர் விரிவடைந்தது. 1965இல் நீர் வழங்கலுக்கும் கழிவுநீர் அகற்றலுக்கும் ஒரு தேசியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1974 முதல் கனடா நாட்டின் உதவியுடன் வடக்கெல்லையிலுள்ள மேற்பிராந்தியத்தில் ஏறத்தாழ 2,500 குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டு, அவற்றிற் கைப்பம்பிகள் பொருத்தப்பட்டன. அது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், கிணறு தோண்டுதல் வேறு; அதனைக் காத்தல் வேறு. பம்பியின் உள்ளே தோல் வளையமொன்று தேய்ந்தாலும் தொலைவிலுள்ள நகரத்திலிருந்து அரசாங்கத்தின் திருத்துநர் வரவேண்டியிருந்தது. நாடு பொருளாதார நெருக்கடியில் உழன்ற காலத்தில் அவருக்கு வாகனம் இருந்தால் எண்ணெய் இராது. எண்ணெய் இருந்தால் உதிரிப்பாகம் இராது. வேறு சில இடங்களில் நிலத்தடி நீரின் புளிப்புத்தன்மை இரும்புக் குழாயை அரித்தது. நீர் செந்நிறமாகிச் சோற்றையும் துணியையும் கறைப்படுத்தவே, பெண்கள் பழைய ஓடைக்கே திரும்பினர். அது அவர்களின் அறியாமையன்று. ஏற்ற உலோகத்தைத் தேர்ந்தெடுக்காத பொறியியலின் குறை. பொங்கோ என்னும் மாவட்டத்திலோ சில கிணறுகளின் நீரில் புளோரைட் மிகுந்திருந்தமையாற் பிள்ளைகளின் பற்கள் கறைபட்டன.

1981 முதல் 1990 வரையான காலத்தை ஐக்கிய நாடுகள் சபை குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமான பத்தாண்டாக அறிவித்தது. அக்காலத்திலேயே கினிப்புழுவை உலகினின்று ஒழிக்கும் எண்ணமும் உருப்பெற்றது. 1986இல் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் இந்நோயால் வருந்தினர். அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் 1988இற் கானாவின் கிராமங்களில் நோயாளரை நேரிற் கண்டார். எஞ்சிய வாழ்நாள் முழுவதும் இப்பணியை அவர் கைவிடவில்லை. அதே ஆண்டிற் கானாவின் ஆட்சித் தலைவர் ஜெரி றோலிங்ஸ் வடபகுதிக் கிராமங்கள் பலவற்றுக்குச் சென்று நோயின் காரணத்தை மக்களுக்கு விளக்கினார். ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது, 1989இற் கானாவில் மட்டும் நோயாளர் தொகை ஏறத்தாழ 1,80,000 எனத் தெரியவந்தது.

எல்லா ஊருக்கும் ஒரேயடியாகக் கிணறு தோண்டுதல் இயலாது. ஆகவே எளிய கருவி ஒன்று கைக்கொள்ளப்பட்டது. அது நெருக்கமாக நெய்த ஒரு துணி. குடத்தின் வாயில் அதனைக் கட்டி நீரை வடித்தால் நீருண்ணி தங்கிவிடும். ஒவ்வோர் ஊரிலும் தொண்டர் ஒருவர் தெரிந்தெடுக்கப்பட்டார். புழு வெளிப்பட்ட நோயாளரைப் பதிவு செய்தல், புண்ணுக்குக் கட்டுப் போடுதல், அவர் குளத்தில் இறங்காது தடுத்தல் ஆகியன அவர் கடமை. குளங்களில் நீருண்ணியைக் கொல்லும் மருந்தும் அளவாக இடப்பட்டது. ஐந்தாண்டுகளில் நோயாளர் தொகை பதினாயிரத்துக்குக் கீழ் இறங்கிற்று.

வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் நின்றபோது இடையூறுகள் தோன்றின. 1994இல் வடபகுதியில் இனக்கலவரம் மூண்டு, மக்கள் இடம்பெயர்ந்தனர். தொண்டர் பணியும் குலைந்தது. 2003ஆம் ஆண்டிலும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பின்னர், 2006, 2007 ஆண்டுகளில் சவெலுகு என்னும் ஊரிற் குழாய்நீர் தடைப்பட்டது. மக்கள் பழையபடி அணைநீரைக் குடிக்க நேர்ந்தது. புழுவும் பெருந்தொகையிற் திரும்பி வந்தது. பழுதுற்ற குழாய் ஒன்று பல ஆண்டு உழைப்பைப் பின்தள்ளிவிடும் என்னும் உண்மையைச் சவெலுகு உணர்த்திற்று. அதன் பின்னர் முயற்சி இருமடங்காயிற்று. 2007இல் 3,358 ஆக இருந்த நோயாளர் தொகை, 2010இல் எட்டாகச் சுருங்கிற்று. அவ்வாண்டு மே மாதத்தோடு நோய் நின்றது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் கானா கினிப்புழு அற்ற நாடெனச் சான்று வழங்கிற்று.

இதற்கிடையில், கிணற்றைக் காப்பவர் யார் என்னும் வினாவுக்கும் புதிய விடை பிறந்தது. 1990களில் கிராம நீர் வழங்கலின் பொறுப்பு ஊராரிடமே ஒப்படைக்கப்படலாயிற்று; 1998இல் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கிணற்றுச் செலவிற் சிறு பங்கை ஊரார் தாமே திரட்டினர். நீருக்கும் சுகாதாரத்துக்குமான குழுவொன்று ஊர்தோறும் அமைந்தது. அதிற் பெண்களும் இடம்பெற வேண்டுமென வற்புறுத்தப்பட்டது. நீர் சுமப்பவரே நீரின் அருமையை அறிவர் அன்றோ! பம்பிகளும் சில வகைகளுக்குள் வரையறுக்கப்பட்டமையால், உதிரிப்பாகம் பெறுதல் எளிதாயிற்று. அவ்வகைகளுள் ஒன்று இந்தியா மார்க் இரண்டு எனப்படும் பம்பியைத் தழுவியது. அப்பம்பி 1970களிற் சென்னைத் தொழிற்சாலையொன்றில் உருவாகிக் கோயம்புத்தூர்ப் பகுதியிற் சோதிக்கப்பெற்றது. தமிழ்நாட்டுக் கிராமத்தாரின் கை பழகிய பிடியை ஆபிரிக்கத் தாயொருத்தியும் பற்றினாள் என்பது மகிழத்தக்கது.

நீரிற் கண்ட முன்னேற்றத்தை மலகூட வசதியிற் காண்பதரிது. இத்துறையிலும் கானா அறிஞர் வாளாவிருந்தாரல்லர். குமாசி நகர்ப் பல்கலைக்கழகத்தார் இரட்டைக் குழி மலகூடம் ஒன்றை வகுத்தனர். ஒரு குழி நிறைந்ததும் அதனை மூடி மற்றையதைப் பயன்படுத்துவர். மூடிய குழி ஈராண்டளவில் மணமற்ற எருவாக மாறிவிடும். மேலெழும் குழாய் நாற்றத்தை அகற்றும். அதன் உச்சியிலுள்ள வலை ஈக்களைச் சிறைப்படுத்தும். இத்தகைய அமைப்பு இருந்தும், 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டுக் குடும்பங்களுக்கு மலகூடம் இல்லை. வெளியிற் கழிக்கப்படும் மலம் மழைநீரோடு ஓடிக் குளத்தை அடையும். கினிப்புழு நீங்கிய குளத்திலும் வயிற்றோட்டத்தின் கிருமிகள் நீங்கவில்லை.

2024ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் கினிப்புழு கண்ட மனிதர் பதினைவரே. முப்பத்தைந்து இலட்சம் பதினைந்தாகச் சுருங்கிய இவ்வெற்றியிற் தலைவர்களுக்கும் அறிஞர்களுக்கும் பங்குண்டு. ஆயினும், அவர்கள் ஊர் திரும்பிய பின்னர், நாள்தோறும் குடத்தின் வாயில் துணியைக் கட்டிய தாயும், நோயாளியின் புண்ணுக்கு மருந்திட்ட தொண்டரும், பம்பியின் தேய்ந்த வளையத்தை மாற்றிய ஊர்க் கைவினைஞரும் இல்லையேல், அவ்வெற்றி ஒரு மழைக்காலமும் நிலைத்திராது. கிணறு தோண்டுதல் சில நாட் பணி. அதனைக் காத்தலோ ஓரூரின் தலைமுறைப் பணியாகும்.